அப்படிச் செய்திருந்தால்...

“அப்படிச் செய்திருந்தால் இப்படி நடந்திருக்காதே” என்று எண்ணாதவர் எவருமில்லை. நடந்து முடிந்ததை மனம் மாற்றி நடத்திப் பார்க்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அது மாற்றுவதில்லை. எதை மாற்றுகிறது?

இத்தாலிய உளவியலாளர் ஜிரோட்டோவும் அவரது குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. வீடு திரும்பும் ஒருவரைப் பல தடங்கல்கள் தாமதிக்க வைக்கின்றன. மரம் பாதையை மறிக்கிறது, ஆட்டுமந்தை குறுக்கிடுகிறது. இடையில் அவராகவே ஒரு கடையில் தங்குகிறார். வீட்டில் மனைவிக்கு மாரடைப்பு. உதவுவதற்கு நேரம் கடந்துவிட்டது. கதையை வாசித்தோரில் பெரும்பாலானோர் மரத்தையோ மந்தையையோ அகற்றவில்லை. “கடையில் தங்காமல் இருந்திருந்தால்” என்றே எண்ணினர். நம் கட்டுப்பாட்டில் இருந்ததாகத் தோன்றுவதையே மனம் மாற்றுகிறது.

எங்கள் பேசாலையிலும் இதைக் கேட்கிறேன். வாடைக் காற்றில் வலை நாசமானால், “காற்று அடிக்காமல் இருந்திருந்தால்” என்று எவரும் சொல்வதில்லை. “இன்றைக்கு வள்ளத்தை இறக்காமல் விட்டிருக்கலாம்” என்பார்கள்.

1990 அக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவு உட்பட வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். அந்தக் கட்டளையை அவர்களில் எவராலும் மாற்றியிருக்க முடியாது. ஆயினும் எங்கள் உம்மம்மாமார், “காணி உறுதியையாவது எடுத்து வந்திருக்கலாமே” என்றுதான் இன்றும் வருந்துகிறார்கள். ஊர் அவர்கள் கையில் இருக்கவில்லை. பெட்டி மட்டும் இருந்தது. ஆகவே, வருத்தம் பெரிதாக இருப்பதால் தவறும் நம்முடையதே என்று முடிவு செய்யலாகாது.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் ஹதீஸொன்று இதற்கு வழிகாட்டுகிறது. பயன் தருவதில் முயலுமாறும் அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும் நபி (ஸல்) அவர்கள் முதலில் பணிக்கிறார்கள். துன்பம் நேர்ந்த பின் “அப்படிச் செய்திருந்தால்” என்று சொல்வதைத் தடுக்கிறார்கள். முயற்சி முன்னே வருகிறது. பொருத்தம் பின்னே வருகிறது.

உயர்தரப் பெறுபேறு வரும் வீடுகளுக்கும் இது பொருந்தும். “கடந்தகால வினாத்தாள்களைச் செய்திருந்தால்” என்ற எண்ணம், அடுத்த முறை எழுதவிருப்பவளுக்குப் பாடமாகலாம். பரீட்சையன்று காய்ச்சலில் கிடந்தவளிடம், “கவனமாக இருந்திருந்தால்” என்பது பாடமல்ல, பாரம். பெற்றோரே, அந்தச் சொல்லை எங்களிடம் சொல்லுமுன், அது எங்கள் கையில் இருந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தோழியரே, நம்மிடமும் நாம் அதையே கேட்போம்.