ஒரு பைக்கற்று உப்பும் செவ்வன் பரம்பலும்

வணிகப் புள்ளிவிபரவியலில் செவ்வன் பரம்பலைப் படிக்கும்போது மின்குமிழின் ஆயுட்காலம், மாணவரின் உயரம் என்றே உதாரணங்கள் வருகின்றன. எங்கள் பகுதிக்கு அவற்றைவிடப் பொருத்தமான ஒன்று உண்டு. கண்டாவளையிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் வடக்கே திரும்பினால் ஆனையிறவு உப்பளம். 1950களில் பரந்தனில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலை உப்பை மின்பகுத்தே எரிசோடாவும் குளோரீனும் தயாரித்தது. போரோடு அது நின்றுபோயிற்று. உப்பளமோ மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது.

பாத்தியில் விளைந்த உப்பை அப்படியே பையிலிட்டு விற்க முடியாது. அதில் அயடீன் சேர்க்க வேண்டும். 2005 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஒரு கிலோகிராம் உப்பில் 15 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 30 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் அயடீன் இருக்க வேண்டும் என வகுத்தன. அயடீன் குறைந்தால் கண்டமாலை எனும் கழுத்து வீக்கம் வரும். அதைவிடப் பாரதூரமானது, கர்ப்பிணித் தாய்க்குப் போதிய அயடீன் கிடைக்காவிட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவதாகும். அளவு மிஞ்சினாலும் தைரொயிட் சுரப்பிக்குக் கேடுதான்.

பொற்றாசியம் அயடேற்றுக் கரைசலை உப்பின்மீது தெளித்தே அயடீன் சேர்ப்பார்கள். எவ்வளவு கவனமாகத் தெளித்தாலும் எல்லாப் பைக்கற்றுகளுக்கும் ஒரே அளவு போய்ச் சேராது. இங்கேதான் பரம்பல் தேவைப்படுகிறது.

கணக்குக்காக இரு இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, எந்தத் தொழிற்சாலையினுடையவையும் அல்ல. முதல் இயந்திரத்தின் இடை 22.5, நியம விலகல் 5. இரண்டாவதன் இடை 20, நியம விலகல் 2. (பெற்றோருக்காக: நியம விலகல் என்பது அளவுகள் இடையிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண்.) முதலாவதன் இடை எல்லைகளின் நட்டநடுவில் இருப்பதால் அதுவே சிறந்ததென்று தோன்றும். ஆனால் 15உம் 30உம் இடையிலிருந்து 1.5 நியம விலகல் தூரத்திலேயே இருக்கின்றன. அட்டவணையைப் பார்த்தால் 1000 பைக்கற்றுகளில் ஏறத்தாழ 134 எல்லைக்கு வெளியே போகின்றன. இரண்டாவதில் 15 என்பது 2.5 நியம விலகல் தூரத்திலும், 30 என்பது 5 நியம விலகல் தூரத்திலும் உள்ளன. வெளியே போவது 1000க்கு 6 மட்டுமே.

“அப்படியானால் முதல் இயந்திரத்தில் அயடீனைச் சற்றுக் கூட்டினால் என்ன?” என்று கேட்கலாம். இடையை 25 ஆக்கிப் பார்த்தேன். 15க்குக் குறைந்தவை 67இலிருந்து 23 ஆகின்றன, 30ஐத் தாண்டியவையோ 67இலிருந்து 159 ஆகின்றன. மொத்தம் 182. செலவும் கூடி, பிழையும் கூடுகிறது. ஆகவே முகாமையாளர் பணத்தைப் போட வேண்டியது கூடுதல் அயடேற்றில் அல்ல, சீராகத் தெளிக்கும் கருவியிலும் நன்றாகக் கலக்கும் கருவியிலும்.

எல்லாப் பைக்கற்றுகளையும் சோதித்துவிடவும் முடியாது. சோதிக்கப் பைக்கற்றை உடைக்க வேண்டும், உடைத்ததை விற்க முடியாது. மாதிரி எடுப்பதே வழி. எத்தனை எடுப்பது? முதல் இயந்திரத்திலிருந்து 10 பைக்கற்றுகள் எடுத்தால், பத்துமே நல்லவையாக அமையும் நிகழ்தகவு ஈருறுப்புப் பரம்பலின்படி 0.8664இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 0.24. மோசமான இயந்திரம் நான்கு தடவைக்கு ஒரு தடவை “சித்தி” பெற்றுவிடும்! 20 எடுத்தால் அது 0.06க்கும் கீழே இறங்குகிறது. பரிசோதனைச் செலவு இரட்டிப்பானாலும் நான் 20ஐயே தெரிவு செய்வேன், குழந்தைகளின் விடயமல்லவா.

இருபதையும் ஒரே பெட்டியின் மேல் அடுக்கிலிருந்து எடுத்தால் இந்தக் கணக்குச் செல்லாது. ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் எழுமாறாக எடுக்கப்பட வேண்டும் என்பதே ஈருறுப்புப் பரம்பலின் நிபந்தனை. சந்தையில் தானியக் குவியலொன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதனுள்ளே கையை விட்டு, ஈரத்தை உணர்ந்து, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மாதிரியெடுத்தலைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

நல்ல இயந்திரத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வோல்ட்டர் ஷூவார்ட் 1924இல் இதற்குக் கட்டுப்பாட்டு வரைபடத்தை அமைத்தார். எமது இரண்டாவது இயந்திரத்திலிருந்து மணிக்கு 4 பைக்கற்றுகள் எடுத்தால், அவற்றின் இடைக்குரிய நியம விலகல் 2ஐ 4இன் வர்க்கமூலத்தால் வகுக்க வருவது, அதாவது 1. எல்லைக் கோடுகள் 20இலிருந்து மூன்று நியம விலகல் தள்ளி, 17இலும் 23இலும் வரும். இந்த மணிக்கு 19.1, அடுத்த மணிக்கு 21 என்று வந்தால் இயந்திரத்தைத் தொடக்கூடாது. அது இயல்பான சிதறல், அதைத் திருத்தப் போனால் சிதறல்தான் கூடும். 16.4 வந்தால் தெளிப்பதை நிறுத்திவிட்டு, குழாய்முனை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.