துயிலுமிடமும் வழியுணவும்: கிறிஸ்தவ மரபுகளில் இறுதிச் சடங்குகள்

ஒரு மதத்தினர் மனித வாழ்வைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பதை, அவர்கள் இறந்தோரை வழியனுப்பும் முறையிலிருந்து அறியலாம். உடலை ஆன்மா களைந்துவிடும் ஆடையாகக் காண்பது கீதையின் பார்வை. எனவே ஹிந்துக்கள் உயிர் நீங்கிய உடலைப் பெரும்பாலும் அக்னியிடம் ஒப்படைக்கின்றனர். கிறிஸ்தவர்களோ மரபாக அதை மண்ணில் துயில வைக்கின்றனர். இறந்தோர் இறுதி நாளில் உடலோடு உயிர்த்தெழுவர் என்பது அவர்களது விசுவாசம். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமிட்ரி' என்ற சொல்லே, 'துயிலுமிடம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த நம்பிக்கை பொதுவானது; எனினும் சடங்குகள் சபைக்குச் சபை மாறுபடுகின்றன. இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் ஏதேனும் செய்ய இயலுமா என்ற வினாவுக்கு அவர்கள் தரும் வெவ்வேறு விடைகளே இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கத்தோலிக்க மரபு

கத்தோலிக்கரின் விடை 'இயலும்' என்பது. நோயுற்றவருக்குக் குருவானவர் புனித எண்ணெய் பூசி ஜபிக்கிறார். மரணத் தறுவாயில் தரப்படும் நற்கருணைக்கு 'வழியுணவு' என்று பொருள்படும் லத்தீன் பெயர் உண்டு. அடக்கத் திருப்பலியில் பெட்டியின்மீது தெளிக்கப்படும் தீர்த்தம், இறந்தவர் பெற்ற ஞானஸ்நானத்தை நினைவூட்டுகிறது. அருகில் எரியும் பாஸ்கா திரி, உயிர்த்த கிறிஸ்துவின் அடையாளம். பரிசுத்த ஆவியின் ஆலயமாக விளங்கிய உடல் என்பதால் அதற்குத் தூபமும் காட்டப்படுகிறது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கு வேண்டுதல் துணை செய்யும் என்பதால், நவம்பர் 2 அன்று கல்லறைகளில் விளக்கேற்றி வழிபடுகின்றனர். தகனத்தைத் தடுத்திருந்த இத்திருச்சபை 1963-இல் அதை அனுமதித்தது. ஆயினும் சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்க வேண்டுமென்று 2016-இல் அறிவுறுத்தியது.

ஆர்த்தடாக்ஸ் மரபு

கீழைத் திருச்சபைகளும் இறந்தோருக்காக வேண்டுகின்றன. கிரேக்க, ரஷ்ய மரபுகளில் திறந்த பெட்டியில் கிடத்தப்பட்டவருக்கு உற்றார் ஒவ்வொருவராக இறுதி முத்தம் அளிப்பர். மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் நினைவு வழிபாடு நடைபெறும். அவித்த கோதுமையில் இனிப்புச் சேர்த்துச் செய்யும் 'கோலிவா' படைத்துப் பகிரப்படும். மண்ணில் புதைந்த விதை முளைத்தெழுவதுபோல் மனிதனும் எழுவான் என்பது அதன் உட்பொருள். எள்ளும் பிண்டமும் இட்டுப் பிதுர்க்கடன் செய்யும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சீர்திருத்தச் சபைகள்

பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தம் இவ்விடையை மறுத்தது. மீட்பு இறையருளால், விசுவாசத்தின் வழியாக மட்டுமே கிட்டுகிறது; இறந்தபின் பிறர் செய்யும் வேண்டுதல் அதை மாற்றாது என்றனர் அதன் தலைவர்கள். ஆகவே இச்சபைகளின் அடக்க ஆராதனை பெரிதும் இறைவனுக்கு நன்றியும் இருப்போருக்கு ஆறுதலுமாக அமைகிறது. 1645-இல் பிரிட்டனின் பியூரிட்டன் வழிபாட்டு நெறி, எவ்விதச் சடங்குமின்றி உடலை அடக்கம் செய்யுமாறு விதித்தது. குவேக்கர்கள் மௌனமாக அமர்ந்து, உள்ளத்தில் உந்துதல் எழுந்தால் மட்டும் பேசுவர். இரட்சணிய சேனையினர் மரணத்தை 'மகிமைக்கு உயர்த்தப்படுதல்' என்பர். மொராவியர் செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி ஒரே அளவான, தரையோடு படிந்த கற்களையே கல்லறைகளில் பதிக்கின்றனர். 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் தொடங்கியபடி, ஈஸ்டர் விடியற்காலையில் அங்கேயே கூடிச் சூரியோதயத்தில் துதி பாடுகின்றனர்.

சாதகர் கருத வேண்டியது

இவ்விரு விடைகளும் நம் மரபிலும் உள்ளன. இல்லறத்தான் முன்னோருக்குச் சிராத்தம் செய்கிறான். சன்னியாசியோ துறவு ஏற்கும்போதே தனக்குத் தானே சிராத்தம் செய்துவிடுகிறான். அவனுக்காகப் பின்னர் எவரும் செய்ய வேண்டியதில்லை. முதலாவது, அன்பு மரணத்தோடு முடிவதில்லை என்கிறது. இரண்டாவது, செய்ய வேண்டியதை உயிரோடிருக்கும்போதே செய் என்கிறது. சாதகனுக்கு இரண்டும் தேவை.

கிறிஸ்தவ அன்பர் ஒருவரின் இல்லத்தில் துக்கம் நேர்ந்தால், 'எல்லாம் ஒன்றே' என்று சொல்லி அவர்தம் நம்பிக்கையை நம் தத்துவத்தில் கரைத்துவிட வேண்டாம். இறந்தவருக்காக வேண்டும் இல்லத்தில் அவர்களோடு மனமொன்றி வேண்டலாம். நன்றி மட்டுமே செலுத்தும் இல்லத்தில் நன்றியோடு நிற்கலாம். அந்த வேறுபாட்டை அறிந்து மதிப்பதே உண்மையான சமய சமரசம்.