கண்ணுக்கு ஒரு கருவி, கேமராவுக்கு ஒரு கருவி

கேள்வி: பொள்ளாச்சியை அடுத்த கிராமத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய மாமனார் என எல்லோரும் மொட்டை மாடியில் வானம் பார்க்க ஒரு டெலஸ்கோப் வாங்க நினைக்கிறோம். கணவரிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருக்கிறது. அதை மாட்டி ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்கவும் ஆசை. நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். 114 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றை '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்கலாமா?

- வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். டெலஸ்கோப் வாங்கப் போனால் முதலில் அதன் லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தைக் கேளுங்கள். மடங்குக் கணக்கு அப்புறம். விட்டம் இருமடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்கு. மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு வரைதான் உருப்பெருக்கம் பயன்படும். 114 மி.மீ.க்கு அது 228. அதைத் தாண்டினால் படம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. இப்படி விளம்பரம் செய்யும் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஸ்டாண்டும் மெலிதாக இருக்கும். கை பட்டாலே ஆடும். பிள்ளைகள் சனியைத் தேடித் தேடி அலுத்துப்போவார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் வீட்டுக்கு 6 அங்குல, அதாவது 150 மி.மீ. டாப்சோனியனைச் சொல்வேன். ஜான் டாப்சன் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய அமைப்பு இது. சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தின் மடத்தில் துறவியாக இருந்தவர் அவர். பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, பலகைப் பெட்டியில் உட்காரவைத்து, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அந்த எளிமை இன்றும் இந்தக் கருவியில் இருக்கிறது. மோட்டார் கிடையாது, குழாயைக் கையால் தள்ளித் திருப்ப வேண்டியதுதான். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் பக்கவாட்டில் இருப்பதால் உங்கள் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். 1,200 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு. அதிலேயே சனியின் வளையமும் வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும். 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டியது. இனிமேல் ஆண்டுக்கு ஆண்டு அகன்று தெரியும். நல்ல நேரத்தில்தான் வாங்குகிறீர்கள்.

நிலாவைப் பௌர்ணமியன்று காட்டாதீர்கள். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு விழும்போது காட்டுங்கள்.

ஓரியன் நெபுலா இந்தக் கருவியில் சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும். படங்களில் வரும் சிவப்பு, கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்ததால் கிடைத்தது. பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். சுமார் 1,350 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி இப்போது உன் கண்ணில் விழுகிறது என்றும் சொல்லுங்கள்.

படமெடுப்பது வேறு கணக்கு. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 1,200 மி.மீ. குவியத் தூரத்தில் ஒரு நொடிக்குள்ளேயே நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிடும். அதைத் தவிர்க்க, வானத்தோடு சேர்ந்து திரும்பும் உறுதியான ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும். டெலஸ்கோப்பைவிட மவுண்டுக்கே அதிகம் செலவாகும். நீங்கள் சொல்லும் தொகைக்குள் இரண்டும் அடங்காது. உங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். பொள்ளாச்சியில் அது அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்த வடக்குத் திசையில்தான் கோவையின் வெளிச்சமும் இருக்கிறது. தென்னை மறைத்தால் துருவ நட்சத்திரமே தெரியாது.

ஆகவே கேமராவை இப்போதைக்கு டெலஸ்கோப்பில் மாட்டவேண்டாம். முக்காலியில் 18 மி.மீ. லென்ஸோடு நிறுத்தி 15 நொடி திறந்து வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் பால்வீதியின் மையப்பகுதி தென்கிழக்கில் எழும்பும். இருண்ட வானத்தில் அதை இந்த எளிய முறையிலேயே பிடிக்கலாம். நிலாவுக்கு ஐபீஸில் செல்போனை வைத்தாலே போதும். நெபுலா ஆசை தணியாவிட்டால், பிறகு சீஸ்டார் எஸ்50 போன்ற ஒரு தானியங்கிக் கருவியைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ்தான், ஆனால் பல சிறு படங்களைத் தானே எடுத்து, அடுக்கிச் சேர்த்துச் செல்போனில் காட்டிவிடும். அதில் கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் இல்லை. அதனால் அதை முதல் கருவியாக நான் சொல்லமாட்டேன். திரையில் எத்தனை அழகான படம் வந்தாலும், குழந்தை தன் கண்ணாலேயே சனியைப் பார்ப்பதற்கு ஈடாகாது.

தெற்கே இருப்பதில் ஒரு பெரும் லாபம் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எட்டிப்பார்க்காத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, மே மாத முன்னிரவில் உங்கள் தென்வானில் 30 பாகைக்கு மேல் உயரும். 6 அங்குலத்தில் அதன் ஓரங்கள் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரியத் தொடங்கும்.

மழைக்காலத்தில் ஆடியைப் பூஞ்சை தாக்காமல் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள். டெலஸ்கோப் வழியாகச் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். குழாயின் முன்வாயை முழுதாக மூடும் தரமான சூரிய வடிகட்டி இருந்தால் மட்டுமே பார்க்கலாம். ஐபீஸில் திருகும் சிறு வடிகட்டி எதையும் நம்பாதீர்கள், சூட்டில் வெடித்துவிடக்கூடும். பக்கத்திலுள்ள சிறு குறிநோக்கியையும் பகலில் மூடியே வையுங்கள். பிள்ளைகள் முதலில் கண் வைப்பது அதில்தான்.