அதிசாரம் ஐந்தும் மறதியுற்ற முதியோரும்



கொல்லாமை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுக்கின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இளமையில் இவற்றை மனனம் செய்த யாம், ஆடு மாடுகளைக் குறித்தனவாகவே நெடுங்காலம் கருதியிருந்தோம். உரைகளும் பசு முதலியவற்றையே எடுத்துக்காட்டும். இவற்றுள் சில ஒரு மூதாட்டியின் படுக்கையறைக்குள்ளும் நிகழும் என்பதை, எம் தமக்கையார் மறதி நோயுற்ற பின்னரே அறிந்தோம்.

டிமென்ஷியா எனப்படும் இந்நோய் மூப்பின் இயல்பான மறதி அன்று. மூளையின் செல்கள் சிதைவதால் வருவது. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இதற்கு ஆளாகியுள்ளனர் என 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இது பிறர் வீட்டுக் கதை அன்று.

தமக்கையாரைக் கவனிக்க அவர் மைந்தர் ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார். யாமும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செல்வோம். கூடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, காப்பி அருந்தித் திரும்புவோம். அறை துப்புரவாக இருந்தது. அதுவே போதுமென எண்ணினோம். ஒருநாள் மாலை, சொல்லாமல் சென்றபோது, தமக்கையார் நாற்காலியோடு பழைய புடவையால் கட்டப்பட்டிருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. மணிக்கட்டைச் சுற்றிப் பழைய கன்றலும் புதிய கன்றலும் இருந்தன. மாலை நான்கு மணிக்குப் பின் அவருக்குத் தண்ணீரும் இல்லை. கேட்டதற்கு, "ராத்திரி உங்க வீட்ல ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா" என்றாள் அப்பெண். இரவில் படுக்கை நனையாதிருக்கவே அவ்வாறு செய்தாள் என்பது பின்னர்த் தெரிந்தது. நம் இரவுண்ணாமை அதற்குத் திரையாயிற்று. அறிந்து தானே மேற்கொள்வது நோன்பு. கேட்கத் தெரியாதவருக்குப் பிறர் மறுப்பது அன்னபான நிரோதம் அல்லவா?

தமக்கையார் எம்மிடம் சொல்லாமலும் இல்லை. "என்னைக் கட்டிப் போடுகிறார்கள்" என்று இருமுறை சொன்னார். ஆனால், தம் தாயார் அடுக்களையில் இருப்பதாகவும், வளையலை யாரோ திருடியதாகவும் அதே மூச்சில் சொன்னார். வளையல் அவர் கையிலேயே இருந்தது. ஆதலின் முன்னதையும் தள்ளிவிட்டோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் முகம் பார்த்தே பொய்யும் மெய்யும் அறிந்ததாகப் பெருமை கொண்ட யாம், இங்கே தவறினோம். மறதியுற்றவர் சொல்வதை உடனே நம்பவும் வேண்டா, உடனே தள்ளவும் வேண்டா. அவர் உடம்பைப் பார்த்தால் தெரியும்.

அதற்கு ஒரு வழி, வாரம் ஒருமுறையேனும் உறவினர் ஒருவரே நீராட்டுவது. முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண்ணும், மேற்கையில் விரல் பதிந்த கன்றலும் அப்போது மறையா. மாதந்தோறும் எடை பார்த்து நாட்குறிப்பில் எழுதுங்கள். பகலெல்லாம் உறங்குகிறார் என்றால் மாத்திரைகளை எண்ணுங்கள்; மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரை முதியோரை விழச்செய்யும். திடீரெனக் கூச்சலிட்டால், குழப்பம் மிகுந்தால், அதைப் பிடிவாதம் எனக் கொள்ளற்க. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி இவற்றுள் ஒன்று இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுக. கட்டிவைத்தல் விழாமல் காக்கும் என்பதும் பிழை. தசை தளர்ந்து, புண் உண்டாகி, அவிழ்த்தவுடன் முன்னினும் எளிதில் விழுவர்.

இனி நான்காம் அதிசாரம். அப்பெண் எட்டு மாதங்களாக ஒரு முழு இரவும் உறங்கியதில்லை. விடுமுறை நாளும் இல்லை. பகலுக்கும் இரவுக்கும் ஒரே ஆள், ஒரே சம்பளம் என்பதில் வீட்டார்க்கு மகிழ்ச்சி. எமக்கும் அது குறையாகத் தோன்றியதில்லை. மிகுபாரம் ஏற்றியவர் யார்? அவள் செய்தது குற்றமே, அதில் ஐயமில்லை. அன்றே அவளை விலக்கினோம். ஆனால் அடுத்து வருபவள் மீதும் அதே பாரத்தை ஏற்றினால் அதே புடவை மீண்டும் வெளிவரும் என மைந்தரிடம் சொன்னோம். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஞாயிறன்று வீட்டார் என ஏற்பாடாயிற்று. செலவு கூடிற்று. கூலியாள் இல்லாத வீடுகளில் இப்பாரம் முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. அவளிடம் "மாமியாரை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்?" எனக் கேட்குமுன், "நீ உறங்கினாயா அம்மா?" எனக் கேளுங்கள், கேட்டதோடு நில்லாமல் இரண்டு நாள் தங்கி அவளை விடுவியுங்கள்.

உறவினர் சொல் எடுபடாத இடத்தில் சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, காக்கும் பொறுப்புடையவர் முதியவரை எங்கேனும் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு நிலத்தைப் பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கியவர் அவ்வாறு செய்யாவிடின், பத்திரத்தில் அந்நிபந்தனை இருந்தால் அதனை ரத்துச் செய்யவும் கோரலாம். நம் மாநிலத்தில் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். முதியவரால் இயலாதபோது அவர் சார்பில் மற்றொருவரோ தொண்டு நிறுவனமோ செய்யலாம். முதியோர் உதவி எண் 14567. அழைக்கக் கட்டணம் இல்லை.