'தட்டிக்கொடு' – பொருளும் பயன்பாட்டு வரையறையும்

முன்னுரை

பாராட்டை உணர்த்தும் தமிழ் வழக்குகளுள் கைதட்டல், கைகுலுக்கல், தட்டிக்கொடுத்தல் ஆகியன உடற்செய்கையை அடியாகக் கொண்டவை. 'தட்டிக்கொடு' என்பதற்குப் 'பாராட்டு', 'ஊக்குவி' எனப் பொருள் கூறுவது வழக்கம். அது பொருந்துவதே, எனினும், யார் யாரைத் தட்டிக்கொடுக்கலாம் என்னும் வரையறை அதில் புலப்படுவதில்லை. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லமைப்பு

தட்டிக்கழி, தட்டிக்கேள், தட்டிப்பறி ஆகிய கூட்டுவினைகளில் 'தட்டு' மறுத்தல், எதிர்த்தல், கவர்தல் என்னும் பொருள்களுக்கு இடமளிக்கிறது. 'கொடு' சேரும்போது அது பிறர் நலம் கருதிய செயலாகிறது. 'கொள்' சேர்ந்தால் பொருள் மீண்டும் திரிகிறது: தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளுதல் தற்பெருமையைச் சுட்டும்.

பயன்பாடு

அழும் குழந்தையைத் தாய் தட்டிக்கொடுத்து உறங்கவைக்கிறாள். புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சி, விராலிமலை போன்ற சல்லிக்கட்டு ஊர்களில் மிரளும் காளையை வளர்த்தவர் தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்துகிறார். வென்ற மாணவனை ஆசிரியர் தட்டிக்கொடுக்கிறார். மூன்றிலும் செயலைப் பெறுவோர் செய்வோரின் பொறுப்பில் உள்ளவர். 'மாணவன் ஆசிரியரைத் தட்டிக்கொடுத்தான்' என்னும் தொடர் இலக்கணப் பிழையற்றது. ஆயினும் பாராட்டாகாது, மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். 'தட்டிக்கொடுத்து வேலை வாங்குதல்' என்னும் வழக்கிலும் மேலிருப்பவரே செய்வோர்.

உயர்வு எங்கிருந்து வருகிறது?

ஈ, தா, கொடு என்பவற்றை முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. 'தட்டிக்கொடு' உணர்த்தும் உயர்வை இதனோடு இணைக்கத் தோன்றும். ஆனால், அந்நூற்பாக்கள் ஒன்றைக் கேட்டுப் பெறும் இரவின் கிளவியைப் பற்றியன. துணைவினையைப் பற்றியன அல்ல. மேலும், 'பேத்தி பாட்டிக்குக் கைப்பேசியில் பேசச் சொல்லிக்கொடுத்தாள்' என்பது இயல்பான தொடர். விட்டுக்கொடு, காட்டிக்கொடு என்பவற்றிலும் உயர்வு தாழ்வு வரையறை இல்லை. எனவே, உயர்வு 'கொடு' என்னும் துணைவினையால் வருவதன்று. முதுகைத் தொடும் உரிமை யாருக்கு உண்டு என்னும் சமூக வழக்கால் வருவது.

முடிவுரை

கைகுலுக்கல் ஒத்தோரிடையேயும் நிகழும். கைதட்டல் அவையோர் யாவருக்கும் உரியது. தட்டிக்கொடுத்தலோ மூத்தோரிடமிருந்து இளையோருக்கும், பொறுப்புடையோரிடமிருந்து பொறுப்பில் உள்ளோருக்கும் செல்வது. ஆதலின், 'பாராட்டு' என்பதை இதற்கு முழு நிகராகக் கொள்ளலாகாது. இச்செல்திசையையும் அகராதிப் பதிவில் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளருக்கும் தமிழைப் புதிதாகக் கற்போருக்கும் பயன்தரும்.