ஸ்பீக்கரில் இரைச்சலா?

ஆம்ப்ளிஃபையரில் டிவியை இணைத்தாலே ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைகிறது. விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் போகுமா? - வாசகர், மதுரை

கேபிளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ரீங்காரம். எர்த் இரண்டு வழியாக இறங்கும்போது வருவது. முதலில் செட்டாப் பாக்ஸை அணைத்துவிட்டு, அதன் பின்னாலுள்ள டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், ஆடியோ ஒயருக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுங்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டு தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் பெட்டியில் கரண்ட் கசிந்தால், தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.