கல்யாணக் கேக்குக்குப் பொம்மை நாமே செய்வோம்



ஆவணி பிறந்தால் தோட்டத்தில் கல்யாணப் பேச்சுத்தான். முன்பு வேதக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் பார்த்த கேக் இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அது பிழையில்லை. ஆனால் கேக், பூ, கார், வீடியோ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் பெண்ணின் தோடு அடகுக்கடைக்குப் போவதை நாம் எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! கேக்கின் உச்சியில் வைக்கும் மாப்பிள்ளை பெண் பொம்மைக்கு டவுன் கடையில் என்ன விலை, அதற்கு எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று ஒருக்கா கணக்குப் பாருங்கள். அந்தப் பொம்மையும் கோட்டும் கவுனும் போட்ட வெள்ளைக்காரப் பொம்மைதான்.

1840இல் விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக்கின் மேலேயும் உருவங்கள் வைத்தார்கள். அதுவும் கையால் செய்ததுதான். ஆகவே கையால் செய்தால் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சிலர் கோதுமை மாவும் உப்பும் பிசைந்து பொம்மை செய்வார்கள். வெயில் ஊருக்கு அது சரி. நம்ம மலையில் மூடுபனி இறங்கினால் உப்பு ஈரத்தை இழுத்து, காய்ந்த பொம்மையும் பிசுபிசுத்துப் போகும். நமக்குச் சோளமாவும் பசையும்தான் தோது.

கோன் ப்ளவர் எனும் சோளமா 1 கோப்பை, மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை 1 கோப்பை, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 1 மேசைக்கரண்டி எடுங்கள். தேசிக்காய் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. சமையலுக்கு இனி எடுக்காத பழைய சட்டியில் எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் விடாமல் கிண்டுங்கள். சட்டியை விட்டுக் கழன்று உருண்டையாகத் திரளும்போது இறக்கிவிட வேண்டும். கூடக் கிண்டினால் இறுகி வெடிக்கும். கை பொறுக்கும் சூட்டில், கையில் எண்ணெய் தடவி, ரொட்டி மா பிசைவது போல நன்றாகப் பிசையுங்கள். பிறகு பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் சுற்றி ஒரு இரவு வையுங்கள்.

கால் செய்து சிரமப்பட வேண்டாம். தடித்த கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி நிறுத்தினால் அதுவே உடம்பு. அதன் மேல் மாவை மெல்லிசாகப் போர்த்தி, தலையை உருட்டி ஒட்டுங்கள். 8 அங்குலக் கேக்குக்கு 4 அங்குல உயரம் போதும். பாரம் கூடினால் கேக் அமுங்கும். கைகளைத் தனியாக நீட்டாமல் உடம்போடு ஒட்டிவிடுங்கள், உடையாது. காயும்போது பொம்மை கொஞ்சம் சுருங்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அவசரப்பட்டு அடுப்போரம் வைக்கக் கூடாது. வெடிப்பு விழும், புகையும் படியும். காற்றோட்டமான இடத்தில் திருப்பித் திருப்பி வைத்தால் 3, 4 நாளில் காயும். மழைக் காலத்தில் ஒரு கிழமையும் ஆகும். அதனால் கல்யாணத்துக்கு மூன்று கிழமை முன்பே தொடங்குங்கள்.

முகத்துக்குப் பிள்ளைகளின் பெயின்ட் பெட்டியில் உள்ள மண்ணிறமும் கொஞ்சம் மஞ்சளும் கலந்தால் நம்ம நிறம் வந்துவிடும். கூறைச் சேலைக்கு ஜாக்கெட் தைத்த மிச்சத் துண்டு தையல்கார அக்காவிடம் இருக்கும். அதையே பெண் பொம்மைக்குச் சுற்றுங்கள். மாப்பிள்ளைக்கு வெள்ளைத் துண்டில் வேட்டி, ஜரிகை நூலில் கரை. மாலைக்குச் சிவப்பு நூலில் சின்ன முடிச்சுகள் போட்டால் போதும். மணமக்களைப் போலவே பொம்மையும் இருப்பதைப் பார்த்து வந்தவர்கள் விசாரிப்பார்கள் பாருங்கள்!

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். இது தின்னும் பண்டம் இல்லை. பசையும் பெயின்ட்டும் கேக்கில் படக் கூடாது. வட்டமாக வெட்டிய மட்டையை வெள்ளித் தாளால் மூடி, பொம்மையை அதில் ஒட்டி, மட்டையோடு கேக்கில் வையுங்கள். ஈர்க்கு, பல்லுக்குச்சி, கம்பி எதையும் கேக்குக்குள் குத்தவே வேண்டாம். துண்டு போடும்போது உள்ளே தங்கி, பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும். கத்தி வைக்குமுன் பொம்மையை எடுத்துவிடுங்கள்.

பிறகு மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்தால் பல வருசம் இருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலைத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செய்து பார்க்க விருப்பமுள்ளவர்கள் சம்பளம் போட்ட பிறகு வரும் முதல் ஞாயிறு பின்னேரம் பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். சட்டியும் பசையும் நாங்கள் தருவோம், துணித் துண்டை நீங்கள் கொண்டு வாருங்கள்.